ரேடியக் குடிநீர்: ஒரு விளம்பரத்தின் வரலாறு

மருந்து விற்பவர் ஒருவர் உங்களிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: "இந்தக் குப்பியில் நான் சொல்லும் பொருள், சொன்ன அளவில் இல்லை என்று யாராவது மெய்ப்பித்துவிட்டால் அவருக்கு ஆயிரம் டாலர் தருகிறேன்." நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? இவ்வளவு துணிவாகப் பேசுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

1920-களில் அமெரிக்காவில் 'ரேடித்தார்' என்னும் குடிநீரை விற்றவர் இத்தகைய அறிவிப்பைத்தான் வெளியிட்டார். அந்த அறிவிப்பில் பொய் இல்லை. குப்பியின்மேல் எழுதியிருந்த பொருள் குப்பிக்குள் இருந்தது. எழுதியிருந்த அளவிலும் இருந்தது. அதைக் குடித்தவர்களுக்குக் கேடு விளைந்ததற்குக் காரணமும் அதுவேதான். பொருளைப் பற்றிச் சொன்னது உண்மை, பயனைப் பற்றிச் சொன்னது பொய் என்னும் இந்த விந்தையான நிலை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று நம்மை வந்தடையும் உடல்நலச் செய்திகளை எடைபோட ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கும்.

புதிய தனிமம், புதிய நம்பிக்கை

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே பெக்கரல், யுரேனிய உப்புகள் தாமாகவே கதிர்களை வெளியிடுவதைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இந்தத் தனிமத்தின் இயல்புகள் உலகையே வியக்க வைத்தன. அது இருட்டில் ஒளிர்ந்தது. எரிபொருள் ஏதுமின்றி இடைவிடாமல் வெப்பத்தை வெளியிட்டது. 'வற்றாத ஆற்றலின் ஊற்று' என்று மக்கள் அதைக் கருதியதில் வியப்பில்லை.

மருத்துவர்களும் ரேடியத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். ரேடியம் அடங்கிய சிறு குழல்களைப் புற்றுக்கட்டிகளின் அருகே வைத்தால் சில வகைக் கட்டிகள் சுருங்கின. இது ஆய்வில் கண்ட உண்மை. இன்றைய கதிர் மருத்துவத்தின் தொடக்கங்களுள் ஒன்று. ஆனால் இங்கே ரேடியம் செய்த வேலை என்ன? உயிரணுக்களைக் கொன்றதுதான். கட்டியின் உயிரணுக்களைக் கொல்லும் ஒரு கதிர், நலமான உயிரணுக்களுக்கு ஊட்டம் தருமா என்ற கேள்வியை அன்று பலர் கேட்கவில்லை.

இதற்கிடையே 1903-இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், கிணற்று நீரில் கதிரியக்க வாயு கலந்திருப்பதை அறிவித்தார. பின்னர் ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஊற்றுகள் பலவற்றிலும் அதே வாயு இருப்பது தெரியவந்தது. அதையே நாம் இன்று ரேடான் என்கிறோம். அந்த ஊற்றுகளில் நீராடினால் நோய் தீரும் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆகவே பலர் இப்படி முடிவு கட்டினர்: ஊற்று நீர் நோய் தீர்க்கிறது, ஊற்று நீரில் கதிரியக்கம் இருக்கிறது, எனவே கதிரியக்கமே நோய் தீர்க்கிறது.

இந்த வாதத்தைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ஊற்று நீர் நோய் தீர்க்கிறது என்னும் முதல் கூற்றே மெய்ப்பிக்கப்படவில்லை. தீர்ப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அங்கே வெந்நீர் உண்டு, உப்புகள் உண்டு, ஓய்வு உண்டு, இடமாற்றம் உண்டு. இவ்வளவையும் விட்டுவிட்டுக் கதிரியக்கத்தை மட்டும் காரணம் என்று சுட்டுவதற்கு என்ன ஆதாரம்?

ஆனால் இந்த வாதத்திற்கு இயற்பியலே துணை நிற்பதுபோல் ஒரு செய்தி கிடைத்தது. ஊற்று நீரைக் குப்பியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பினால் அதன் மகிமை போய்விடும் என்று முன்பே சொல்வார்கள். ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள். அதாவது நான்கு நாள் கழிவதற்குள் பாதி ரேடான் அழிந்துவிடும். "பார்த்தீர்களா, மகிமை போவதற்குக் காரணம் இதுதான்!" என்றனர். இரண்டு செய்திகள் பொருந்திப்போவது ஒரு மெய்ப்பிப்பு ஆகாது. ஆயினும் அறிவியல் சொற்களோடு வந்ததால் அது மெய்ப்பிப்பாகவே தோன்றியது.

வணிகர்கள் சும்மா இருப்பார்களா? 1912-இல் 'ரெவிகேட்டர்' என்னும் பாண்டத்திற்குக் காப்புரிமை பெறப்பட்டது. அதன் உட்புறத்தில் கதிரியக்கத் தாது பூசப்பட்டிருக்கும். இரவில் நீர் ஊற்றி வைத்து மறுநாள் முழுவதும் குடிக்க வேண்டும். தாதுவிலிருந்து கசியும் ரேடான் நீரில் கலக்கும். 'செத்த' நீர் உயிர் பெற்றுவிடும் என்பது விளம்பரம்.

பெய்லியின் குப்பி

ரேடான் நீர் சில நாட்களில் வீரியம் இழப்பது. நேரடியாக ரேடியத்தையே நீரில் கரைத்துவிட்டால்? அதைச் செய்தவர் வில்லியம் பெய்லி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஈஸ்ட் ஆரஞ்ச் என்னும் ஊரில் அவருடைய தொழிற்கூடம் இருந்தது. 1925-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த ரேடித்தார் அரை அவுன்ஸ் குப்பியில் கிடைத்தது. விலை ஒரு டாலர். வாலைவடி நீரில் ரேடியம்-226, மீசோதோரியம் என்று அன்று அழைக்கப்பட்ட ரேடியம்-228 ஆகிய இரண்டும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரோகியூரி அளவில் கரைந்திருந்தன. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தத் தோரியம் சிதைவதால் உண்டாவதுதான் இந்த மீசோதோரியம்.

பெய்லி தம்மை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். அவர் மருத்துவர் அல்லர். ஹார்வர்டில் சேர்ந்து படித்தாரேயன்றிப் பட்டம் பெறவில்லை. முன்னரே மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர். அவருடைய சிற்றேடுகளைப் படித்தவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. அவர்கள் கண்டவை அறிவியல் சொற்கள், ஆய்வுக்கூடத்தின் பெயர், நலமடைந்ததாகச் சொல்லும் கடிதங்கள், 150-க்கும் மேற்பட்ட கோளாறுகளின் பட்டியல் ஆகியவையே. களைப்பு முதல் ஆண்மைக்குறைவு வரை எல்லாவற்றிற்கும் ஒரே குப்பி! இன்னொன்றும் மறைந்திருந்தது. இந்த நீரைப் பரிந்துரைத்த மருத்துவர்களுக்குப் பெய்லி 17 விழுக்காடு கழிவு கொடுத்தார். நோயாளி, மருத்துவர் தம் நலம் கருதிச் சொல்கிறார் என்று எண்ணினார். அந்தச் சொல்லில் பணமும் கலந்திருந்தது.

எலும்பில் குடியேறும் அணு

இந்நீர் உடலுக்குள் என்ன செய்தது என்பதை இயற்பியல் எளிதாக விளக்கும். தனிம வரிசை அட்டவணையில் ரேடியத்தின் இடத்தைப் பாருங்கள். கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், அவற்றின்கீழ் ரேடியம். ஒரே குடும்பம் ஆதலால் வேதிப் பண்புகளும் ஒத்தவை. கால்சியத்தைக் கொண்டு எலும்பு கட்டும் நம் உடல், ரேடியத்தையும் கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. குடித்த ரேடியத்தில் பெரும்பகுதி கழிவாக வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கு எலும்பில் போய்த் தங்கிவிடும்.

ஒரு மைக்ரோகியூரி என்றால் நொடிக்கு 37,000 அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். ரேடியம்-226 சிதையும்போது ஆல்ஃபாத் துகள் வெளிப்படுகிறது. ஆல்ஃபாத் துகளைத் தடுக்க ஒரு தாள் போதும் என்று வகுப்பில் சொல்வோம். அது உண்மையே, ஆனால் கதிர்மூலம் உடலுக்கு வெளியே இருக்கும் வரையில்தான் அந்த உண்மை நமக்குத் துணை. எலும்புக்குள்ளேயே அது இருந்தால், தன் ஆற்றல் முழுவதையும் மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குத் தொலைவுக்குள், பக்கத்து உயிரணுக்களின்மேல் கொட்டித் தீர்த்துவிடும். இரவும் பகலும் இது நடக்கும். ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டு. மனிதனின் வாழ்நாளில் அது குறைவதாகவே கொள்ள முடியாது. நூறு ஆண்டு கழிந்தாலும் அதில் 4 விழுக்காடுதான் அழியும்.

ஒப்பிட ஓர் அளவு சொல்கிறேன். 1941-இல் அமெரிக்காவில், ரேடியத்தோடு வேலை செய்வோரின் உடலில் தங்கியிருக்கக்கூடிய ரேடியத்தின் உச்ச வரம்பு 0.1 மைக்ரோகிராம் என வகுக்கப்பட்டது. ரேடித்தார் குப்பி ஒன்றில் இருந்தது ஏறத்தாழ 1 மைக்ரோகிராம்.

ஒரு செல்வரின் முடிவு

பிட்ஸ்பர்க் நகரத் தொழிலதிபர் ஈபன் பையர்ஸ். 1906-இல் அமெரிக்காவின் தொழில்முறை சாராத கோல்ஃப் வீரர்களுக்கான போட்டியில் வாகை சூடியவர். 1927-இல் இரயில் பயணத்தில் படுக்கையிலிருந்து விழுந்து கையில் அடிபட்டது. வலி நீங்காததால் மருத்துவர் ஒருவர் ரேடித்தாரைப் பரிந்துரைத்தார். குடித்தார், தெம்பு வந்ததாக உணர்ந்தார், நண்பர்களுக்கும் அனுப்பி வைத்தார். 1930 வரையில் அவர் ஏறத்தாழ 1,400 குப்பிகள் குடித்ததாகக் கணக்கு.

பிறகு உடல் எடை குறைந்தது. தலைவலியும் தாடைவலியும் வந்தன. பற்கள் விழத் தொடங்கின. 1931-இல் அரசின் விசாரணைக்கு அவரால் வர முடியவில்லை. வழக்கறிஞர் அவர் வீட்டுக்கே சென்று வாக்குமூலம் பெற்றார். அப்போது அவருடைய தாடை எலும்பின் பெரும்பகுதி அறுவை செய்து அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய எலும்புகளும் சிதைந்துகொண்டிருந்தன. 1932 மார்ச் 31 அன்று, 51-ஆம் வயதில் அவர் இறந்தார்.

பையர்ஸ் படிக்காதவர் அல்லர், ஏழையும் அல்லர். நல்ல மருத்துவரைத் தேடிச் செல்லும் வசதி படைத்தவர். ஆகவே "படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள்" என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்ள இடமில்லை.

சட்டம் கேட்ட கேள்வி

அரசு ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1906-இலேயே உணவு, மருந்துச் சட்டம் வந்துவிட்டது. சீட்டில் பொய்யான விவரம் இருக்கக்கூடாது என்று அது விதித்தது. ஆனால் 1911-இல், ஒரு போலிப் புற்றுநோய் மருந்து பற்றிய வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: சட்டம் தடுப்பது மருந்தில் என்ன இருக்கிறது என்பது பற்றிய பொய்யை மட்டுமே, என்ன நோயைத் தீர்க்கும் என்பது பற்றிய பொய் அதில் அடங்காது. 1912-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் விற்றார் என்று அரசு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

விளைவைப் பாருங்கள். கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லி வெறும் நீரை விற்றவர் பொய்யர் ஆனார். அவர் சரக்கைக் குடித்தவர் பணத்தை மட்டும் இழந்தார். உண்மையாகவே ரேடியத்தைக் கலந்தவர் நாணயமானவர் ஆனார்; அவர் சரக்கைக் குடித்தவர் எலும்பை இழந்தார்.

விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசுக் குழு 1930-இல் பெய்லிமீது நடவடிக்கை தொடங்கி, 1931 டிசம்பரில் அவருடைய விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. 1937-இல் 'சல்ஃபனிலமைடு எலிக்சிர்' என்னும் வேறொரு மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 1938-இல் புதிய சட்டம் வந்தது. விற்குமுன் மருந்து தீங்கற்றது என்று காட்ட வேண்டும் என்றது அது. அதனால் பயன் உண்டு என்றும் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1962-இல்தான் வந்தது.

ஆக, மூன்று கேள்விகள். சொன்ன பொருள் இருக்கிறதா? அது தீங்கற்றதா? அதனால் பயன் உண்டா? முதல் கேள்வியிலிருந்து மூன்றாவது கேள்விக்கு வந்து சேரச் சட்டத்திற்கு 56 ஆண்டுகள் தேவைப்பட்டன.

பக்கத்து ஊரில் இருந்த சான்று

பெய்லியின் குப்பி விற்பனையான அதே காலத்தில், ஈஸ்ட் ஆரஞ்சுக்கு அடுத்த ஊரான ஆரஞ்சில் ஒரு தொழிற்சாலை இருந்தது. இருட்டில் ஒளிரும் கடிகார முகங்களுக்கு இளம்பெண்கள் அங்கே ரேடியச் சாயம் தீட்டினர். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வயிற்றுக்குள் சென்றது. அவர்களில் பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, சிலர் இறந்தனர்.

1924-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டிரிங்கர் என்பவர் நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் ஆராய்ந்து, ரேடியமே காரணம் என்று அறிக்கை தந்தார். நிறுவனம் அதைத் திரித்து, ஆபத்து ஒன்றும் இல்லை என்பதுபோல் அரசுக்குத் தெரிவித்தது. டிரிங்கர் 1925-இல் தம் ஆய்வைத் தாமே வெளியிட்டார். அதே ஆண்டில் மார்ட்லண்ட் என்னும் மருத்துவரும் அப்பெண்களின் உடலில் ரேடியம் தங்கியிருப்பதை அளந்து காட்டினார். பையர்ஸ் முதற் குப்பியைத் திறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இவை மருத்துவ ஏடுகளில் வந்துவிட்டன. சான்று இல்லாமல் இல்லை. விளம்பரம் வீடு தேடி வந்தது. சான்றை நாம் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

"குடித்தேன், நலமானேன்"

பெய்லிக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பையர்சே தெம்பு வந்ததாக மெய்யாகத்தான் சொன்னார். வலியும் களைப்பும் கூடும், குறையும். வலி மிகுந்திருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். அதன்பின் தானே குறைந்தாலும் புகழ் மருந்துக்குப் போகிறது. விலை மிகுந்த ஒன்றைக் குடிக்கிறோம் என்ற நம்பிக்கையும் சிறிது நாள் தெம்பு தரும். நலமானவர் கடிதம் எழுதுவார், நலமாகாதவர் பேசாமல் இருந்துவிடுவார், இறந்தவர் எழுதப்போவதில்லை. ஆகவே கடிதங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மருந்தை எடைபோட இயலாது.

அப்படியானால் எப்படி எடைபோடுவது? அதற்கு நம் சென்னையிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. காசநோயாளிக்குச் சானடோரியத்தில் ஓய்வும், தூய காற்றும், சத்துணவும் இன்றியமையாதவை என்று உலகமெங்கும் நம்பிய காலம் அது. வீட்டிலிருந்தபடி மருந்து உண்டால் போதாதா என்று கண்டறிய, 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குச் சானடோரியம்; மற்றவர்க்கு வீடு, அதுவும் பெரும்பாலும் நெருக்கடியான ஏழை வீடு. இரு பிரிவினர்க்கும் மருந்து ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றும் அபாயம் கூடுகிறதா என்பதையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தனர், கூடவில்லை. 1959-இல் தொடங்கி முடிவுகளை எண்களோடு வெளியிட்டனர். சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழைகளுக்கும் முழுச் சிகிச்சை உண்டு என்பது உலகுக்குத் தெரிந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெய்லி தமக்குச் சாதகமான கடிதங்களை மட்டும் காட்டினார். சென்னை ஆய்வாளர்கள், தம் எண்ணம் தவறாக இருந்தால் அதுவும் வெளிப்படும்படி சோதனையை அமைத்தனர். குணமாகாதவர்களையும் கணக்கில் எழுதினர்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இன்று சுவரொட்டியிலோ, தொலைக்காட்சியிலோ, கைபேசித் திரையிலோ ஓர் உடல்நலச் செய்தி உங்களிடம் வரும்போது, அதை இந்தக் கேள்விகளால் உரசிப் பாருங்கள்.

1. சொல்பவர் யார்? அவர் படித்த படிப்பு இந்தத் துறையைச் சேர்ந்ததா? அதைச் சரிபார்க்க வழி உண்டா?

2. நான் இதை நம்பினால் அவருக்கு வருவாய் உண்டா? உண்டென்றால் அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா?

3. எதை மெய்ப்பித்திருக்கிறார்? பொருள் கலப்படமற்றது, இயற்கையானது, ஆய்வுக்கூடச் சான்று பெற்றது என்பவை முதல் கேள்விக்கு மட்டுமே விடை. ரேடியமும் இயற்கையானதே.

4. உண்டவர்களை உண்ணாதவர்களோடு ஒப்பிட்டார்களா? எத்தனை பேர்? எவ்வளவு காலம்? குணமாகாதவர்கள் கணக்கில் உண்டா?

5. தீங்கைப் பற்றி ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா? எந்தத் தீங்கும் இல்லாமல் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

6. இதில் இலாபம் இல்லாத வேறு யாராவது இதையே சொல்கிறார்களா? அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்க ஒரு நாள் காத்திருந்தால் இழப்பு ஒன்றும் இல்லை.

இவற்றுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பள்ளி இறுதி வகுப்பு மாணவரும் கேட்கலாம், கேட்க வேண்டும். வீட்டில் தாத்தாவோ, அத்தையோ ஒரு புதிய மருந்தைப் பற்றிய செய்தியைக் காட்டினால் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளை அவர்களோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். பையர்சின் நண்பர்களுள் ஒருவர், 1925-இல் வெளிவந்த அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்து அவரிடம் சொல்லியிருந்தால், அவர் முதற் குப்பியையே திறந்திருக்கமாட்டார்.